ஒரு குளிர்காலம் குறைந்த திருக்கை

நாற்றம் முதலில் படியேறி வந்தது. கும்னே அம்மாள் அதற்குப் பின்னால்தான் வந்தாள்.

மோக்போ துறைமுகத்தை ஒட்டிய மீன் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் தல்சு திருக்கை முதுகெலும்புகளைத் தாள்கனத்தில் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு வயது, தடித்த கண்ணாடி, தொலைக்காட்சியில் எந்தத் துப்பறியும் தொடர் வந்தாலும் விடமாட்டார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் ஒரு பெண்மணி கழுத்தளவு மண்ஜாடியைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறாள். ஜாடியின் வாய் வரை வைக்கோல். புளிக்கவைத்த திருக்கை. கண்ணில் நீர் வரவழைக்கும் அந்தக் காரநெடி பிடிக்காதவன் அந்தக் கரையில் பிறந்திருக்கமாட்டான். என்றாலும் அலுவலகத்துக்குள் அது கொஞ்சம் அதிகம்தான்.

"டாக்டரம்மா இருக்காங்களா தம்பி? வெறுங்கையோட வரக்கூடாதுன்னு எடுத்துட்டு வந்தேன். விக்கவும் வழியில்ல, வீட்டுல யாருக்கும் தொண்டையில இறங்கவும் இல்ல" என்றாள்.

தல்சு ஜாடியை வாங்கிக் கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் இருட்டு மூலையில் வைத்துவிட்டு வந்தார்.

உள்ளே டாக்டர் ஓக் நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தினார். முப்பத்தெட்டு வயதுக்காரர். யார் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். அந்தப் பொறுமை தல்சுவைப் பைத்தியமாக்கும்.

"நான் ஹுக்சான் தீவு மேங் கேப்டனோட வீட்டுக்காரி. வியாழக்கிழமை மீன்பிடிக் குழு கூடி அவரோட திருக்கை உரிமத்தைப் பிடுங்கப் போறாங்க. தடைக்காலத்துல பிடிச்சாருன்னு பழி. அது பொய், டாக்டரம்மா. முப்பத்தோரு வருஷமா அவர் தடைக்காலத்துல திருக்கைத் தூண்டில் போட்டதில்ல" என்றாள் கும்னே. குரல் உடையவில்லை, கைகள்தான் மடியில் கிடந்த துணியைப் பிசைந்துகொண்டிருந்தன.

தீவு முழுவதற்கும் திருக்கை பிடிக்க ஆறே படகுகளுக்குத்தான் உரிமம். அது போனால் மேங் கரையில் உட்கார்ந்து வலை பின்ன வேண்டியதுதான்.

"என்ன நடந்ததுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"போன மாசம் இருபதாம் தேதி ஒரு பெரிய பெட்டை சிக்குச்சு. இறக்கையில உங்க ஆளுங்க குத்தின எண் பட்டை. முந்நூத்திப் பதினேழு. பட்டையைத் திருப்பிக் கொடுத்தா நீலத் தொப்பி தருவீங்களாமே, மீன் படம் போட்டது. அடுத்த வீட்டுக்காரன் அதைப் போட்டுக்கிட்டுத் திரியறதைப் பார்த்து இவருக்கும் ஆசை. தொப்பி கேட்டுப் போன மனுஷனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிட்டாங்க."

"பட்டையை முதல்ல பார்த்தது யாரு?"

"ஏலம் விடுறவர். பச்சை மீன்தான், ஐஸ்ல கிடந்ததில்லன்னும் சொன்னார். அவர் எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அதனால அவர் பேச்சு எடுபடல. மீன்வள இன்ஸ்பெக்டர் கூ வந்து முதுகெலும்புல ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கிட்டு, மீதி மீனைத் திருப்பிக் கொடுத்துட்டார். ரெண்டு நாள் கழிச்சு, உங்க பதிவோட வயசு உதைக்குதுங்கறார்."

தல்சு அதற்குள் அலமாரியைத் திறந்து 317ஆம் எண் அட்டையை எடுத்துவிட்டார். பட்டை குத்தி மீனைக் கடலில் விட்டது 2004 மார்ச். அன்று வாலிலிருந்து ஒரு முள்ளை மட்டும் வெட்டி, அதில் உள்ள வளையங்களை எண்ணி எழுதிய வயது நான்கு. எலும்பில் பதிந்து ஒளிரும்படி டெட்ராசைக்ளின் ஊசியும் போட்டாயிற்று என்று குறிப்பு.

"கணக்கு சுலபம்" என்றார் தல்சு, கைகளைத் தேய்த்துக்கொண்டு. "திருக்கைக்கு ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு மெல்லிசு வளையம் விழும். விடும்போது நாலு. அப்புறம் ரெண்டு குளிர்காலம் போயிருக்கு. ஆறு இருக்கணும். கூ எத்தனைங்கறார்?"

"அஞ்சு" என்றாள் கும்னே.

"அதான். ஒரு குளிர்காலம் குறையுது. அப்படின்னா இந்தக் குளிர்காலத்தை அந்த மீன் பார்க்கவே இல்ல. போன வருஷமே செத்திருக்கு. ஒழுங்கான மாசத்துல பிடிச்சிருந்தா அப்பவே கொண்டுவந்து வித்திருக்கலாம். மறைச்சு ஐஸ்ல வெச்சாங்கன்னா, அது தடைக்காலத்து மீன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கும்னே தரையைப் பார்த்தாள்.

"போன ஜூன்ல, தடைக்காலத்துல, படகு வெளியே போனதைப் பார்த்தவங்க இருக்காங்க. கத்தாழை மீன் பிடிக்கப் போனார். அதுக்குத் தடை கிடையாது. யார் கேக்கறாங்க?" என்றாள்.

டாக்டர் ஓக் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இந்த நாலை எழுதினது யாரு? நான் அந்த வருஷம் இலையுதிர் காலத்துலதான் இங்க வந்தேன்."

"நான்தான். பழைய டாக்டர் போயிட்டார், புது ஆள் வரல. இருநூத்திச் சொச்சம் முள்ளையும் நானே ஒத்தை ஆளா எண்ணினேன். ஒண்ணுகூடத் தப்பாது" என்றார் தல்சு பெருமையாக. நீங்கள் வந்த பிறகு என்னைச் சீவ மட்டும்தான் விடுகிறீர்கள் என்ற மனக்குறையும் அதில் இருந்தது.

"அந்த முள்ளெல்லாம் இருக்கா?"

"எண்ணி முடிச்சதும் குப்பையில போட்டாச்சு. வெச்சிருக்கணும்னு யாரும் சொல்லலையே."

டாக்டர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். கும்னேயின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்ட தல்சு, பேச்சை மாற்றலாமே என்று சட்டைப்பையிலிருந்து பேத்தியின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். கன்னம் மட்டுமே தெரிகிற குழந்தை.

"எப்பப் பிறந்தா?"

"டிசம்பர் முப்பது. நம்ம வழக்கப்படி பிறந்த அன்னிக்கு ஒரு வயசு, மறுநாளைக்கு மறுநாள் புத்தாண்டு வந்து ரெண்டு வயசு. கழுத்தே இன்னும் நிக்கல, ரெண்டு வயசுக்காரி."

கும்னே அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "என் பெரியவனும் அப்படித்தான். வயித்துக்குள்ள கிடந்த பத்து மாசத்தை என்ன, சும்மாவா விடறது?"

டாக்டர் ஓக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, "ஊருக்குத் திரும்பிடாதீங்க. புதன்கிழமை உங்க வீட்டுக்காரரையும் வரச்சொல்லுங்க" என்றார் கும்னேயிடம்.

டாக்டர் கேட்டனுப்பியதால் மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கூ தானே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மூலை மடங்காத கோப்பு. கெட்டவர் இல்லை, கணக்கு இடித்தால் தூக்கம் வராத ஜாதி. கண்ணாடித் தகடுகளில் ஒட்டிய எலும்புச் சீவல்கள் மூன்றை மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "அஞ்சுதான்" என்றார்.

"நானும் பார்க்கிறேனே" என்று தல்சு முண்டியடித்தார்.

"எண்ணிக்கை காதுல விழுந்துட்டுது இல்ல? இனிமே உங்க கண்ணுக்கும் அஞ்சுதான் தெரியும். ஒருத்தர் எண்ணினது தெரியாமதான் அடுத்தவர் எண்ணணும். அந்த ஊதா விளக்கைப் போடுங்க."

அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டார்கள். மருந்து ஏறிய எலும்பானால், ஊசி போட்ட நாளில் வளர்ந்த இடம் மஞ்சள் கோடாக மின்ன வேண்டும். ஒன்றும் மின்னவில்லை. மூன்று சீவல்களும் செத்த சாம்பல் நிறத்தில் கிடந்தன.

தல்சுவுக்குக் கற்பனை பிய்த்துக்கொண்டு வந்தது. "டாக்டர், புரிஞ்சுபோச்சு. இது பட்டை போட்ட மீனே இல்ல. எங்கேயோ பிடிச்ச மீன்ல இந்தப் பட்டையைப் பிடுங்கிக் குத்தியிருக்காங்க."

"எதுக்கு?"

"தொப்பிக்கு..." என்று ஆரம்பித்தவர், சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"இன்ஸ்பெக்டர், இந்தச் சீவல்களை எங்கே வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"என் மேஜையிலதான், பத்திரமா. மூணு வாரமா ஜன்னலோரம் இருக்கு. ஈரம் தங்கிடக் கூடாதுன்னு நல்ல வெயில் படற இடமாப் பார்த்து வெச்சேன்."

டாக்டர் தலையாட்டினார். பிறகு சம்பந்தமே இல்லாமல் தல்சுவைக் கேட்டார். "நேத்து வந்த ஜாடியை எங்கே வெச்சீங்க?"

"மாடிப்படிக்கு அடியில. நாத்தம் தாங்கல."

"வெளிச்சம் படற இடமா?"

"அங்க ஏது வெளிச்சம்? இருட்டுல தடவித்தான் வெச்சேன்."

"அப்படியே இருக்கட்டும். வைக்கோலைக்கூடப் பிரிக்காதீங்க. இன்ஸ்பெக்டர், நாளைக்குப் பத்து மணிக்கு வரமுடியுமா?"

அன்று முழுக்கத் தல்சு தன் எந்திரத்தோடு மல்லுக்கு நின்றார். கும்னேயை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் தன் நான்கையும் அவரால் சந்தேகப்பட முடியவில்லை. நான்கு சரியென்றால் மேங் கேப்டன் திருடன்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஐந்து பேரும் அந்தச் சின்ன இருட்டறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேங் கேப்டன் தூண் மாதிரி இருந்தார். உப்புக்காற்றில் வெந்த முகம்; கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நடுவில் அந்த ஜாடி.

"கும்னே அம்மா, இதுல இருக்கிறது எந்த மீன்?" என்றார் டாக்டர்.

"அதேதான். வழக்குல மாட்டின மீனை யார் வாங்குவா? வீணாக வேண்டாமேன்னு ஜாடியில போட்டேன். பட்டை இருந்த இறக்கையும் உள்ளேதான் கிடக்கு."

டாக்டர் வைக்கோலை விலக்கினார். கூ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார். சிவப்பு விளக்கின் மங்கலில் டாக்டர் ஒரு முதுகெலும்புத் துண்டை எடுத்துச் சுத்தம் செய்ய, தல்சு கண்ணீர் வழிய வழிய அதைச் சீவினார்.

"மருந்து ஏறின கோடு வெயில்ல வெளுத்துப்போகும். இன்ஸ்பெக்டர் பத்திரமா வெச்சதாலதான் அது போச்சு. இந்தத் துண்டு பிடிச்ச நாள்லேர்ந்து ஐஸ்லயும் வைக்கோலுக்குள்ளயும்தான் இருந்திருக்கு" என்றபடி டாக்டர் ஊதா விளக்கைப் போட்டார்.

காசளவு எலும்புச் சீவலில், மெல்லிய தங்கக் கம்பியை வளைத்து வைத்தது போல ஒரு வட்டம் எரிந்தது. மேங் கேப்டன், "என் மீனா அது?" என்றார் மெல்ல.

"உங்க மீன்தான். இந்தத் தங்கக் கோடு 2004 மார்ச், ஊசி போட்ட நாள். அதுக்கு வெளியில என்ன இருக்குன்னு பாருங்க இன்ஸ்பெக்டர். விட்ட வயசு என்னங்கற பேச்சே வேண்டாம். கோட்டுக்கு வெளியே எத்தனை குளிர்காலம்?"

கூ கைக்குட்டையை மறந்துவிட்டுக் குனிந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். "ரெண்டு."

"போன குளிர்காலம் ஒண்ணு, இந்தக் குளிர்காலம் ஒண்ணு. போன ஜூன்ல செத்த மீனுக்கு இந்தக் குளிர்காலத்து வளையம் எப்படி வரும்?"

கும்னே கணவனின் முழங்கையைப் பிடித்தாள். ஆனால் கூ நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருக்கவில்லை.

"மன்னிக்கணும் டாக்டர். கோட்டுக்கு உள்ளேயும் எண்ணிட்டேன். மூணுதான் இருக்கு. அட்டையில நாலுன்னு இருக்கு. அப்படின்னா இது 317 இல்ல, பட்டை போட்ட வேறெதோ மீன். நாளைக்குக் குழுவுல யாராவது இதைக் கேட்டா நான் என்ன சொல்ல?"

"நியாயமான கேள்வி" என்றார் டாக்டர். "ரெண்டு துண்டுலயும் வளையத்துக்கு வளையம் அகலத்தை அளந்து பார்த்தா, ஒரே மீன்தான்னு காட்டிடலாம். ஆனா அட்டையில இருக்குற நாலுக்கு அது பதில் ஆகாது." தல்சு பக்கம் திரும்பினார். "தல்சு அண்ணே, உள்பக்கத்தை நீங்க எண்ணுங்க. முள்ளை எண்ணின மாதிரியே. வாய்விட்டு."

இரண்டு வருடங்களுக்குப் பிறகு நுண்ணோக்கியில் கண் வைக்கக் கிடைத்த வாய்ப்பு. தல்சு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். மையத்திலிருந்து ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு, அதுக்கப்புறம் உங்க தங்கக் கோடு." தலையை நிமிர்த்தினார். முகமெல்லாம் சிரிப்பு. "அட்டையில இருக்குறதேதான், டாக்டர். நான் சொல்லல? ஒண்ணுகூடத் தப்பாது. இன்ஸ்பெக்டர்தான் ஒண்ணை விட்டுட்டார்."

"நான் எதையும் விடல" என்றார் கூ விறைப்பாக.

"ரெண்டு பேரும் பார்த்தது ஒரே எலும்பு" என்றார் டாக்டர். "அண்ணே, நீங்க ஒண்ணுன்னு ஆரம்பிச்சீங்களே, நடுவுல இருக்கிற அந்தக் கோடு. அது எப்ப விழுந்தது?"

"முட்டை உறையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்தப்போ. பிறந்த அன்னிக்கு விழுற கோடு அது. பிறந்த அன்னிக்கு ஒரு வயசு..."

அங்கே நின்றுவிட்டார்.

சட்டைப்பைக்குள் பேத்தியின் புகைப்படம் கனத்தது. கழுத்து நிற்காத இரண்டு வயதுக்காரி. இருநூற்றிச் சொச்சம் அட்டைகள், அத்தனையிலும் தன் கையெழுத்து, அத்தனை மீனுக்கும் பிறந்த அன்றே ஒரு வயது. யாரும் கற்றுத்தரவில்லை, யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. தான் தப்பு செய்யலாம் என்று அவருக்கும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

டாக்டர் இதை வெளியே சொல்லமாட்டார் என்று தல்சுவுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால், ஏதோ அட்டை மாறிவிட்டது என்று பேச்சு முடிந்துவிடலாம். ஆனால் நாளைக்குக் குழுவில் எவனாவது அந்த நான்கைத் தூக்கிக் காட்டுவான்.

"இன்ஸ்பெக்டர், எழுதிக்கங்க" என்றார் தல்சு. "இந்த அட்டையில நாலுன்னு எழுதினது நான். பிறந்த கோட்டையும் ஒரு வருஷமாச் சேர்த்துட்டேன், நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் சேர்க்கிற மாதிரி. அது வருஷக் கோடு இல்ல, பூஜ்யம். விட்டப்போ மீனுக்கு வயசு மூணுதான். மூணும் ரெண்டும் அஞ்சு. கேப்டன் சொன்னது உண்மை. குறைஞ்ச குளிர்காலம் மீன்ல இல்ல, என் எண்ணிக்கையில இருந்துச்சு. வியாழக்கிழமை குழு முன்னாடியும் வந்து இதையே சொல்றேன்."

கூ ஒவ்வொரு சொல்லாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு நீளமாக மூச்சை விட்டார். அந்தக் காற்றில் அப்படி மூச்சு விட்டதற்கு உடனே இருமவும் செய்தார். "கணக்கு நேராயிடுச்சு. கேப்டன், நான் குற்றப்பத்திரிகையை இன்னிக்கே திரும்ப வாங்கிடறேன். உங்ககிட்ட மன்னிப்பும் கேட்டுக்கறேன்."

மேங் கேப்டன் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடிக்குத்தான் துடைத்தார் என்று சொல்லலாம். கும்னே அந்தச் சாக்கைத் தேடவில்லை, வெளிப்படையாகவே அழுதாள்.

கதவைத் திறந்து எல்லோரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். தல்சு கேப்டனின் முன்னால் போய் இடுப்பு வரை குனிந்தார். "என்னைத் திட்டுங்க கேப்டன். மூணு வாரமாத் திருடன்னு பேர் சுமந்தீங்க."

கேப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குத் திட்டணும்? ஹுக்சான் திருக்கைக்கு நம்ம வழக்கத்துல வயசு சொன்ன ஒரே அதிகாரி நீதான் தம்பி" என்றார். "அது சரி, பிறந்த வயசைக் கழிக்கிறது மீனுக்கு மட்டும்தானா, எனக்கும் உண்டா? அறுபதைத் தாண்டிட்டேன்னு என் வீட்டுக்காரி தினம் குத்திக் காட்டறா."

"உங்களுக்குப் பத்து கழிச்சாலும் பிரயோஜனமில்ல" என்றாள் கும்னே, கண்ணைத் துடைத்தபடி.

டாக்டர் ஓக் தேநீர் போடத் திரும்பினார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று தல்சு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பேத்திக்கு ரெண்டு வயசுன்னு சொன்னீங்களே, அப்போ சந்தேகம் வந்துது. நிச்சயம் இல்ல. நீங்க வாய்விட்டு எண்ணினப்பதான் தெரிஞ்சுது."

"முன்னாடியே காதுல போட்டிருக்கலாம்."

"போட்டிருந்தா உங்க கண்ணுக்கும் மூணுதான் தெரிஞ்சிருக்கும். அப்புறம் நாலு எங்கேர்ந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். நாளையிலிருந்து அந்த இருநூறு அட்டையையும் திருத்தணும். அதுக்கப்புறம் நீங்களும் எண்ணுங்க. எனக்கு இங்கேயே ரெண்டாவது ஜோடிக் கண் வேணும்."

ஜாடியில் மீதி இருந்த மீனைக் கும்னே மேஜைமேல் எடுத்துவைத்து, மெல்லிசாகச் சீவ ஆரம்பித்தாள். மூன்று வாரமாக யாருக்கும் இறங்காத மீன். கூ மறுத்தார், பிறகு ஒரு துண்டு, பிறகு தட்டை நீட்டினார்.

தல்சு மட்டும் உட்காரவில்லை. அலமாரியின் அடித்தட்டைத் துழாவி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு நீலத் தொப்பியை எடுத்துவந்தார். முதலில் 317ஆம் எண் அட்டையில் நான்கை ஒரே கோட்டில் அடித்து, மேலே மூன்று என்று எழுதி, தன் முத்திரையைக் குத்தினார். 'பட்டை திருப்பித் தந்தவர்' என்ற இடத்தில் மேங் கேப்டனின் பெயரை எழுதினார்.

பிறகு தொப்பியைக் கேப்டனின் தலையில் வைத்தார். அது கொஞ்சம் சின்னதாக இருந்தது. வாய் நிறைய மீனோடு இருந்த கேப்டன் அதைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊருக்குப் போகிற படகில் ஏறும்வரை கழற்றவே இல்லை.